ஏற்காடு சாலையில்தான் சேலத்தின் கதை இருக்கிறது

(ஆடித் திருவிழாவை ஒட்டி எங்கள் பகுதியில் நடந்த பட்டிமன்றத்தில் பேசியது. தலைப்பு: ‘சேலத்தின் கதையை நிறைவாகச் சொல்லும் தெரு எது? கடைவீதியா, ஏற்காடு சாலையா?’ எதிரணியில் இரண்டு பேர் பேசி முடித்த பிறகு, ‘ஏற்காடு சாலையே’ என்ற அணியின் முதல் பேச்சு இது.)

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரே உட்கார்ந்திருக்கும் அண்ணனுக்கும் அக்காவுக்கும், என் அணித் தோழர்களுக்கும், வேலை முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

அண்ணன் கடைவீதியைப் பற்றிப் பேசும்போது நானும் கைதட்டினேன். நடுவர் பார்த்திருப்பார். ராஜகணபதி கோயில் தேரடி, சின்னக் கடைவீதி, பூ மார்க்கெட், கோடை வந்தால் கூடை கூடையாக இறங்கும் மாம்பழம், செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை, லீ பஜாரில் மூட்டை இறக்கும் தொழிலாளி, இரவில் ஒரு தட்டுவடை செட்டுக்குக் காத்து நிற்கும் கூட்டம். இதில் எதையும் நான் மறுக்கப் போவதில்லை. மறுத்தால் கோட்டை மாரியம்மன் முன்னால் நான் நிற்க முடியாது. கடைவீதி இந்த ஊரின் வயிறு, சந்தேகமே இல்லை.

ஆனால் தலைப்பு அதைக் கேட்கவில்லை. ஊரின் கதையை நிறைவாகச் சொல்லும் தெரு எது என்று கேட்கிறது. அக்கா ஒரு கேள்வி கேட்டுவிட்டு உட்கார்ந்தார்: “ஏற்காடு சாலை வெள்ளைக்காரன் வெயிலுக்குப் பயந்து மலையேறிய சாலை. இன்றைக்குச் சனி, ஞாயிறில் வெளியூர்க்காரன் காரில் போகிற சாலை. அந்தச் சாலையில் சேலத்துக்காரன் எங்கே இருக்கிறான்?” சபையில் பாதிப் பேர் தலையாட்டினீர்கள். எனக்குக் கொடுத்திருக்கும் நேரம் முழுவதையும் இந்த ஒரு கேள்விக்கே செலவு செய்யப் போகிறேன். ஏனென்றால் நம் ஊரிலேயே பலர் அந்தச் சாலையை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அங்கே வேலை செய்தவர்களையும், அங்கே செத்தவர்களையும் மறந்துவிட்டுத்தான் அப்படி நினைக்க முடிகிறது.

நான் சொல்லும் சாலை அஸ்தம்பட்டி ரவுண்டானாவில் தொடங்குகிறது. மத்திய சிறை, கோரிமேடு, மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற பழைய சினிமா ஸ்டுடியோவின் நுழைவு வளைவு, அடிவாரம் சோதனைச் சாவடி, அப்புறம் 20 கொண்டை ஊசி வளைவு, ஏற்காடு ஏரி. ஏறக்குறைய 30 கிலோமீட்டர். ஊர்த் தெருவாகத் தொடங்கி மலைப்பாதையாக முடிகிற ஒரே சாலை சேலத்தில் இதுதான்.

முதலில் வெள்ளைக்காரன் கதையையே எடுத்துக்கொள்வோம். 1820 முதல் 1829 வரை சேலத்தில் கலெக்டராக இருந்தவர் எம். டி. காக்பர்ன். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுபோனவர் என்று அவரைச் சொல்வார்கள். ‘ஏற்காட்டின் தந்தை’ என்றே சுற்றுலாக் கையேடுகளில் அச்சடித்திருக்கிறது. செடி அவர் கொண்டுவந்ததாகவே இருக்கட்டும். குழி வெட்டியது யார்? நிழலுக்கு மரம் விட்டு மற்றதைக் கழித்தது யார்? வண்டிப் பாதை இல்லாத காலத்தில் துரையையும் துரைசானியையும் நாற்காலியில் உட்காரவைத்து, மலையடிவாரத்திலிருந்து தோளில் தூக்கிக்கொண்டு ஏறியவர்கள் யார்? அவர்களுடைய அரிசி, பீங்கான், மெத்தை, பியானோ எல்லாம் தானாகவா ஏறிப்போயிற்று? 1860-களில் சேலத்துக்கு ரயில் வந்த பிறகு சாமான் இன்னும் கூடியது. சூரமங்கலம் ரயில் நிலையத்தில் இறங்கியதெல்லாம் இந்த வழியாகத்தான் மேலே போனது.

அக்கா, வெள்ளைக்காரன் வெயிலுக்குப் பயந்து ஏறினான், சரி. அவனைத் தூக்கிக்கொண்டு ஏறியவன் சேலத்துக்காரன். சேலத்துக்காரன் எங்கே என்று கேட்டீர்களே, அவன் இங்கே இருந்தான், பாரத்துக்கு அடியில். நாற்காலியில் உட்கார்ந்தவர்களின் பெயர் கல்லறையில் வெட்டியிருக்கிறது. தூக்கியவனின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. அதற்காக அந்தச் சாலை அவனுடையது இல்லை என்று சொல்லிவிடுவீர்களா?

மலை மேலேயும் ஆள் இல்லாமல் இல்லை. மலையாளி என்று பெயர் கொண்ட, தமிழ் பேசும் பழங்குடி மக்கள் காப்பி வருவதற்கு முன்பே அங்கே குடியிருந்தவர்கள். சாமை, தினை, கேழ்வரகு போட்டுச் சாப்பிட்டவர்கள். எஸ்டேட் வந்தபோது அவர்கள் காடு சுருங்கியது, அவர்களே கூலியாகவும் போனார்கள். நாம் காலையில் குடிக்கிற காப்பிக்குப் பின்னால் இந்தக் கதையும் இருக்கிறது.

சரி, மலையை அப்புறம் பார்ப்போம். ஊருக்குள் இருக்கும் பகுதிக்கு வருகிறேன். அஸ்தம்பட்டியைத் தாண்டினதும் அந்த உயரமான மதில். 1862 முதல் இருக்கும் சிறை. தினமும் ஆயிரம் வண்டி அந்த மதிலை ஒட்டிப் போகிறது. உள்ளே என்ன நடந்தது என்று வண்டியில் போகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

1950, பிப்ரவரி 11. நாடு குடியரசாகி 16 நாள்தான் ஆகியிருந்தது. சேலம் சிறைக்குள் கம்யூனிஸ்ட் கைதிகள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 22 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் அன்றைய சென்னை மாகாணத்தின் மலபார் பகுதியிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள், விவசாயப் போராட்டத்தில் பிடிபட்டவர்கள். திருடனையும் கொலைகாரனையும் நடத்துவது போல எங்களை நடத்தாதீர்கள், நாங்கள் அரசியல் கைதிகள் என்று சொல்லிப் போராடியவர்கள். அவர்கள் கையில் துப்பாக்கி இல்லை. ஓடித் தப்பிக்க இடமும் இல்லை, சுற்றிலும் சிறை மதில்.

நடுவர் ஐயா, கட்சி எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும். ஜாலியன்வாலா பாக் என்றால் நம் பிள்ளைகள் தேதியோடு சொல்கிறார்கள். நம் ஊர் அஸ்தம்பட்டியில் நடந்ததை எத்தனை பிள்ளைகள் சொல்வார்கள்? கேரளத்தில் எங்கோ ஒரு கிராமத்தில், இன்றைக்கும் ஒரு குடும்பம் தன் தாத்தாவை நினைக்கும்போது ‘சேலம்’ என்ற பெயரைச் சொல்கிறது. மாம்பழத்துக்காகவோ வெள்ளிக்காகவோ அல்ல. அந்தக் குடும்பத்துக்குச் சேலம் என்றால் இந்தச் சாலைதான், இந்த மதில்தான். ஊரின் கதை என்றால் ஊருக்குப் பெருமை தருவது மட்டும்தானா? வலி தருவதையும் சேர்த்துச் சொன்னால்தானே அது நிறைவு? தலைப்பில் ‘நிறைவாக’ என்று போட்டதை நான் அப்படித்தான் படிக்கிறேன். கடைவீதி நமக்கு நல்லதை மட்டுமே சொல்கிறது. இந்தச் சாலை இரண்டையும் சொல்கிறது.

(கைதட்ட வேண்டாம். இதற்குக் கைதட்டக் கூடாது.)

அதே சாலையில் இன்னும் கொஞ்சம் போங்கள். அதே காலகட்டம், அதே மலையாள மண்ணோடு தொடர்பு, ஆனால் முழுக்க வேறு கதை. மாடர்ன் தியேட்டர்ஸ்.

இதைப் பற்றி நான் நிறையப் பேசப் போகிறேன், நடுவர் மன்னிக்க வேண்டும். 1930-களின் தொடக்கத்தில் தமிழ்ப் படம் எடுக்க வேண்டும் என்றால் என்ன செய்வார்கள் தெரியுமா? நடிகர், பாட்டுக்காரர், சமையல்காரர் உட்பட எல்லோரையும் ரயிலில் ஏற்றிக்கொண்டு கல்கத்தாவுக்கோ பம்பாய்க்கோ போவார்கள். ஸ்டுடியோ அங்கேதான் இருந்தது. நாள் கணக்கில், மாதக் கணக்கில் தங்கிப் படம் எடுத்துக்கொண்டு திரும்புவார்கள். துணி வியாபாரக் குடும்பத்தில் பிறந்து, இங்கிலாந்தில் லீட்ஸ் நகருக்குப் போய் நெசவுத் தொழில்நுட்பம் படித்துத் திரும்பிய டி. ஆர். சுந்தரம் இந்தத் தொழிலுக்குள் வந்தபோது அவரும் அப்படித்தான் கல்கத்தா போனார். செலவையும் சிரமத்தையும் பார்த்துவிட்டு, படம் எடுப்பதற்கான எல்லாவற்றையும் ஒரே வளாகத்துக்குள் நம் ஊரிலேயே வைத்துவிடுவது என்று முடிவு செய்தார். எங்கே வைத்தார்? சென்னையில் இல்லை. கடைவீதியிலும் இல்லை. ஏற்காடு சாலையில், மலை பின்னால் தெரிகிற இடத்தில்.

மலையாளத்தின் முதல் பேசும் படம் 1938-ல் வந்தது. அது எடுக்கப்பட்ட இடம் நம் மாடர்ன் தியேட்டர்ஸ். அதற்கு ஒளிப்பதிவு செய்தவர் ஒரு ஜெர்மானியர். யோசித்துப் பாருங்கள்: ஒரு ஜெர்மன் கேமராக்காரர், மலையாளம் பேசும் நடிகர்கள், சேலத்து ஆசாரி போட்ட செட்டு. ஒரு மொழி திரையில் முதன்முதலாக வாய் திறந்தது நம் ஊர்ச் சாலையோரத்தில்! தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம் 1956-ல் இந்த நிறுவனத்திலிருந்து வந்தது. மலையாளத்தின் முதல் வண்ணப் படம் 1961-ல், அதுவும் இவர்களுடையதே. தெலுங்கு, கன்னடம், இந்தி என்று போய், சிங்களத்திலும் ஆங்கிலத்திலும்கூடப் படத்தில் கை வைத்தவர்கள். நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். பின்னாளில் முதலமைச்சரான கருணாநிதி அங்கே மாதச் சம்பளத்துக்கு வசனம் எழுதினார். கண்ணதாசன் அங்கே எழுதினார். பின்னாளில் முதலமைச்சரான எம்.ஜி.ஆர். அங்கே நடித்தார்.

பெரிய பெயர்களைச் சொன்னதும் சபை நிமிர்ந்து உட்கார்ந்தது, எனக்குத் தெரிகிறது. ஆனால் நான் பேச வந்தது பெரிய பெயர்களுக்காக மட்டுமில்லை. ஒரு படத்தில் அரண்மனை வேண்டும் என்றால் அதற்கு மரவேலை வேண்டும், சாந்து பூச்சு வேண்டும், வண்ணம் அடிக்க ஆள் வேண்டும். உடை தைக்க வேண்டும். விளக்குக்கு வயர் இழுக்க வேண்டும். எடுத்த படச்சுருளைக் கழுவ வேண்டும், வெட்டி ஒட்ட வேண்டும். சந்தைக் காட்சி என்றால் சந்தைக்கு ஜனம் வேண்டும், போர்க்காட்சி என்றால் சிப்பாய் வேண்டும். இதெல்லாம் யார்? அஸ்தம்பட்டியிலிருந்தும் கன்னங்குறிச்சியிலிருந்தும் சைக்கிளில் போனவர்கள். சுந்தரம் கண்டிப்பானவர், நேரத்துக்கு வேலை நடக்க வேண்டும் என்பவர் என்று சினிமாக்காரர்கள் எல்லோரும் சொல்வார்கள். ஒரு தறிக்கூடம் எந்த ஒழுங்கில் ஓடுமோ அந்த ஒழுங்கில் அவர் சினிமாவை ஓட்டினார். அம்மாபேட்டைத் தறியைப் பற்றி அண்ணன் பெருமையாகப் பேசினார். அந்தத் தறியின் ஒழுங்கு ஏற்காடு சாலையில் கலையாக மாறியது என்று நான் சொல்கிறேன்.

சுந்தரம் 1963-ல் காலமானார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் போயிற்று. இன்றைக்கு நுழைவு வளைவு மட்டும் சாலையோரம் நிற்கிறது, உள்ளே வீடுகள். அந்த வளைவைப் பார்த்து ஒரு வெளியூர்க்காரர் “இது என்ன?” என்று கேட்டால், நாம் ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். வேறு நாட்டில் ஒரு மொழியின் முதல் பேசும் படம் எடுத்த இடம் என்றால் அங்கே அருங்காட்சியகம் இருக்கும், பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். இதில் எனக்குக் கோபம் உண்டு. அதை மேடையில் மறைக்க மாட்டேன்.

கோரிமேட்டை நான் வேகமாகத் தாண்டிவிட்டேன். திரும்பிப் போகிறேன், ஏனென்றால் அது என் இடம். நான் கோரிமேடு அரசு ஐ.டி.ஐ.யில் பிட்டர் படித்தவன். அதே பகுதியில் அரசு மகளிர் கலைக் கல்லூரியும் இருக்கிறது. காலை எட்டரைக்கு அந்தச் சாலையில் நின்று பாருங்கள். ஓமலூர், வாழப்பாடி, ஆத்தூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்து, பஸ் மாறி இறங்குகிற பிள்ளைகள். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கிற பெண்கள் எத்தனை பேர்! மலையிலிருந்து இறங்கி வரும் பிள்ளைகளும் அந்தக் கூட்டத்தில் உண்டு. சுற்றுலாக்காரன் சாலை என்றீர்களே அக்கா, சுற்றுலாக்காரன் அங்கே சனி, ஞாயிறில்தான் வருகிறான். திங்கள் முதல் வெள்ளி வரை அந்தச் சாலை யாருடையது என்று வந்து பாருங்கள், நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.

வெள்ளைக்கல் குன்றுகளைப் பற்றி ஒரு வார்த்தை மட்டும். செட்டிச்சாவடிப் பக்கம் திரும்பினால் தெரிகிற அந்த வெளுத்த மண், மாக்னசைட். இரும்பு உருக்கும் உலைகளுக்கு உள்பூச்சுச் செங்கல் செய்ய வெட்டி எடுத்தார்கள். மலை உச்சியிலும் பாக்சைட் வெட்டி லாரியில் இறக்கினார்கள், மேட்டூர் அலுமினிய ஆலைக்குப் போனது. மலையைத் தோண்டி ஊர் வாங்கிக்கொண்டது என்பதற்காக இதைச் சொல்கிறேன். இதை நீட்டினால் நேரம் போய்விடும்.

இனி மலைப்பாதை. அடிவாரத்தைத் தாண்டினதும் சாலையின் குணமே மாறிவிடுகிறது. ஒவ்வொரு வளைவுக்கும் எண் போட்டிருக்கிறார்கள், 1-லிருந்து 20 வரை. மலைச் சாலையில் ஒரு விதி உண்டு: இறங்கி வரும் வண்டி, ஏறி வரும் வண்டிக்கு வழிவிட்டு நிற்க வேண்டும். ஏறுகிற வண்டி நடுவில் நின்றுவிட்டால் மறுபடி கிளப்புவது கஷ்டம், பாரத்தோடு பின்னால் சரியும் ஆபத்தும் உண்டு. இந்தப் பாதையில் வருஷக்கணக்கில் பஸ் ஓட்டும் ஓட்டுநர்களைக் கவனித்துப் பாருங்கள். முன்கூட்டியே அகலமான இடம் பார்த்து ஒதுங்கி, ஒரு ஹாரன் கொடுத்து, எதிர் வண்டியை மேலே அனுப்பிவிட்டுத்தான் இறங்குவார்கள். வாடகை பைக்கில் பறந்து வருகிற பையன்களுக்கு இது தெரிவதில்லை. அதனால் எத்தனை வீட்டில் அழுகை! போகிறவர்கள் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பஸ்ஸில் யார் போகிறார்கள்? காலையில் இறங்கும் பஸ்ஸில் பலா, வாழைத்தார், மிளகு, கீரைக்கட்டு. சேலம் பெரியாஸ்பத்திரிக்குப் போகும் கர்ப்பிணிப் பெண், கலெக்டர் ஆபீஸுக்கு மனு கொண்டுபோகும் பெரியவர். சாயந்திரம் ஏறும் பஸ்ஸில் அரிசிப் பை, உரம், பிள்ளைக்கு வாங்கிய நோட்டுப் புத்தகம். காப்பிப் பழம் பறிக்கிற மாதங்களில், நவம்பர், டிசம்பர், ஜனவரியில், எஸ்டேட்டுக்குப் போகும் பெண்கள் கூட்டம். பனியில் நனைந்த செடிக்குள் இடுப்பில் கூடையோடு நின்று, சிவந்த பழமாகப் பார்த்துப் பார்த்துப் பறிக்க வேண்டும். பச்சைக் காயைப் பறித்துவிட்டால் காப்பி கெட்டது. அட்டையும் இருக்கும், குளிரும் இருக்கும். அதே மாதங்களில் ஏரிக்கரையில் நின்று பனியைப் படம் எடுக்கிறோம். எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பனிக்குள் வேலை செய்கிறவர்களையும் பார்த்துவிட்டு எடுங்கள்.

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழை பெய்தபோது இந்த மலைப்பாதையில் மண்ணும் பாறையும் சரிந்து, வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். செய்தியில் “சுற்றுலாப் பயணிகள் ஏமாற்றம்” என்று வந்தது. அடடா! சுற்றுலாப் பயணி அடுத்த வாரம் வரலாம். மலைக் கிராமத்தில் இருப்பவனுக்கு மருந்து எந்த வழியாகப் போகும், பால் எந்த வழியாக வரும், பறித்த காப்பி எந்த வழியாக இறங்கும்? குப்பனூர் பக்கம் இன்னொரு பாதை உண்டு என்பது தெரிந்த விஷயம்தான், ஆனால் ஊரும் மலையும் பழகிய பாதை இது. கடைவீதியை ஒரு நாள் அடைத்தால் வியாபாரம் நஷ்டம். ஏற்காடு சாலையை ஒரு நாள் அடைத்தால் ஒரு மலையே தனித்துப் போகிறது. அன்றைக்குத்தான் அது யாருடைய சாலை என்று தெரிந்தது.

அண்ணன் இன்னொன்று சொன்னார்: கடைவீதி பழசு, ஏற்காடு சாலை நேற்று வந்தது. பழமைக்குப் போட்டி என்றால் நான் ஒதுங்க மாட்டேன். ராபர்ட் புரூஸ் ஃபூட் என்றொரு நிலவியல் அறிஞர். 1863-ல் சென்னைப் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்து, இந்த நாட்டில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்று உலகத்துக்குக் காட்டியவர். அவர் ஓய்வுக்குப் பிறகு குடியிருந்தது ஏற்காட்டில். சேர்வராயன் மலையில் கிடைத்த கல்கோடரிகளையும் சேகரித்து வைத்தார். 1912-ல் அவர் இறந்தபின் அவருடைய நினைவு ஏற்காடு தேவாலயத்தில்தான் இருக்கிறது. கல்கோடரி என்றால் என்ன அர்த்தம் அண்ணா? கடைவீதியில் முதல் கடை போடுவதற்கு ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்பே அந்த மலையில் ஒருவன் கல்லைத் தீட்டி மரம் வெட்டிக்கொண்டிருந்தான். இன்றைக்கு நாம் தார் போட்டிருக்கிறோம், அவ்வளவுதான். மலைக்கு மனிதன் ஏறியது நேற்று இல்லை.

ஃபூட்டின் மாமனாரும் நமக்கு உறவுதான், தமிழ் வழியாக. பீட்டர் பெர்சிவல் பாதிரியார். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு விவிலியத்தைத் தமிழாக்கியவர், ஆயிரக்கணக்கில் தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்து அச்சில் ஏற்றியவர். 1882-ல் ஏற்காட்டில்தான் அவர் கண்மூடினார். பட்டிமன்றத்தில் நாம் வாய்க்கு வாய் பழமொழி சொல்கிறோமே, அதைத் திரட்டிய மனிதர் நம் சாலையின் முடிவில் உறங்குகிறார். இது தலைப்புக்குக் கொஞ்சம் வெளியேதான், இருந்தாலும் இந்தச் சபையில் சொல்லாமல் போக மனசு வரவில்லை.

தண்ணீரையும் சொல்ல வேண்டும். கடைவீதிக்கும் கோட்டைக்கும் பக்கத்தில் ஓடும் திருமணிமுத்தாறு எங்கே பிறக்கிறது? சேர்வராயன் மலையில், மஞ்சவாடிப் பக்கம். கன்னங்குறிச்சி மூக்கனேரிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? அதே மலையின் ஓடைகளிலிருந்து. மலை சுத்தமாகத்தான் அனுப்புகிறது. ஊருக்குள் வந்தபின் ஆறு என்ன நிறத்தில் ஓடுகிறது என்று உங்களுக்கே தெரியும். மூக்கனேரியை ஊர் மக்களே 2010-ஐ ஒட்டி இறங்கித் தூர்வாரி, நடுவில் திட்டு போட்டு மரம் வைத்தார்கள், இன்றைக்குப் பறவை வந்து தங்குகிறது. ஆக, மனசு வைத்தால் நம்மால் முடிகிறது. ஆற்றுக்கு இன்னும் மனசு வைக்கவில்லை.

கடைசியாக, திருவிழா. அக்கா, குகை என்ற நம் ஊர்ப் பகுதியில் நடக்கும் வண்டி வேடிக்கையைச் சொன்னார். தெய்வ வேஷம் கட்டி வண்டியில் உட்கார்ந்து ஊர் சுற்றி வரும் அந்த அழகுக்கு ஈடு கிடையாது. எட்டுப்பேட்டை மாரியம்மனுக்கும் ஆடியில் நடக்கும் விழாவைப் பார்க்காதவன் சேலத்தைப் பார்க்காதவன். “ஏற்காடு சாலைக்குத் திருவிழா உண்டா?” என்று கேட்டார். உண்டு, அக்கா. கோடை விழா, மலர்க்கண்காட்சி என்று அரசு நடத்துவதை நான் சொல்லவில்லை. அதே மே மாதத்தில் மலை உச்சியில் சேர்வராயன் கோயில் திருவிழா நடக்கிறது. குகைக்குள் இருக்கும் கோயில், குனிந்துதான் போக வேண்டும். உள்ளே சேர்வராயனும் காவேரி அம்மனும். மலைக் கிராமங்கள் எல்லாம் அன்றைக்கு அங்கே கூடும். அந்த மக்களுக்கு அந்த மலையே சாமி. சேலத்திலிருந்தும் பஸ் பிடித்து ஏறுகிறார்கள். வேறு எந்தத் தெருவிலும் இல்லாதபடி, ஊர்க்காரனும் மலைக்காரனும் ஒரே பஸ்ஸில் நெருக்கியடித்துக்கொண்டு ஒரே சாமியைப் பார்க்கப் போகும் நாள் அது. வருகிற மே மாதம் அக்கா குடும்பத்தோடு வர வேண்டும், பஸ் டிக்கெட் என் செலவு.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். அடிவாரத்து மாந்தோப்புகளைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணன் கடைவீதிக் கணக்கில் எழுதிக்கொண்ட மாம்பழம் எங்கே காய்த்தது என்பதை எங்கள் அணியில் அடுத்துப் பேசும் தங்கச்சி சொல்வார், அவர் வீடே தோப்புக்குள்தான் இருக்கிறது. அவரையும் கேட்டுவிட்டு நடுவர் ஐயா தீர்ப்பு சொல்ல வேண்டும் என்று கேட்டு உட்காருகிறேன். நன்றி, வணக்கம்.